மூச்சுக் கணக்கு

மட்டக்களப்பிலே பிறந்தவர் எவரையேனும் வெளியூரார் சந்திக்க நேர்ந்தால், முதலிற் கேட்பது, "உங்கள் ஊரில் மீன் பாடுமாமே, மெய்தானா?" என்பதாகும். நாமும் இக்கேள்விக்கு எத்தனையோ தடவை விடையிறுத்திருக்கிறோம். நிலாக் காலத்து இரவிலே, காற்று அடங்கிய வேளை பார்த்து, கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைக் காதோடு பொருத்தினால், வீணைத் தந்தியை விரலால் மெல்ல வருடினாற் போன்ற ஓர் ஒலி கேட்கும். 1848ஆம் ஆண்டில் இவ்வூருக்கு வந்த சேர் எமர்சன் தெனன்ற் என்னும் பிரித்தானிய அதிகாரி அதனைச் செவிமடுத்து வியந்து எழுதிவைத்தார். பாடுவது மீன் அன்று, ஊரி என்று அக்காலத்து மீனவர் அவரிடம் சாதித்தார்கள். மீனா ஊரியா என்னும் அந்த வழக்கு இன்றும் திண்ணைகளில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

காதால் இவ்வளவு கேட்டோமே, கண்ணால் யாது கண்டோம்? வாவியின் நீர் கலங்கிய நீர். சேறும் பாசியும் கண்டலும் கலந்த அந்த நீரில் முழங்கையளவு ஆழத்தில் இருப்பதே கண்ணுக்குப் புலப்படாது. கேட்பதற்கு வாவி; காண்பதற்கோ முகத்துவாரத்தைக் கடந்து கடலுக்குத்தான் போகவேண்டும்.

இதனை இன்று எழுதப் புகுந்தமைக்குக் காரணம் ஒரு கடிதம். படுவான்கரைக் கிராமமொன்றிலிருந்து உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் கற்கும் மாணவர் ஒருவர் எமக்கு எழுதியிருக்கிறார். மாலைதீவின் பவளத் தீவுகளிலே முதுகிற் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மனிதர் மீன் கூட்டத்தின் நடுவே நீந்தித் திரிவதை அவர் ஒரு படத்திற் பார்த்தாராம். "நம்முடைய ஊரில் அப்படி ஒன்றும் இல்லையா? அந்த ஒட்சிசன் சிலிண்டர் எவ்வாறு இயங்குகிறது? பழகுவது கடினமா? வீட்டில் கேட்டால் அம்மா அடிக்க வருகிறார்" என்பது கடிதத்தின் சாரம். கடைசி வசனத்தை வாசித்ததும் நாம் சிரித்தோம். பின்னர் அந்தத் தாயாரின் அச்சத்திலும் நியாயம் உண்டென்பதை நேரிலே அறிய நேர்ந்தது. அதைப் பின்னாற் சொல்வோம்.

முதலில் மாலைதீவு. அங்குள்ள தீவுகள் மாலை கோத்தாற் போல வளையம் வளையமாகக் கிடக்கின்றன. அவ்வளையத்தை அந்நாட்டவர் தம் மொழியில் 'அத்தொளு' என்பர். ஆங்கிலத்தில் 'அட்டோல்' என்று உலகமெல்லாம் வழங்குவது அச்சொல்லே. ஆழ்கடலின் நடுவில் எரிமலையொன்று தலைகாட்டுகிறது. அதன் ஓரத்திலே முருகைப் பூச்சிகள் குடியேறிப் பாறை கட்டுகின்றன. மலையோ தன் பாரத்தால் நூறாயிரம் நூறாயிரம் ஆண்டுகளாக மெல்ல மெல்லத் தாழ்ந்து போகிறது. முருகையோ ஒளி தேடி மேல்நோக்கியே வளர்கிறது. ஈற்றில் மலை மறைந்து, அதனைச் சுற்றியிருந்த வளையம் மாத்திரம் எஞ்சுகிறது. வளையத்தின் நடுவே ஒரு வாவி. இந்த விளக்கத்தைச் சாள்ஸ் டார்வின் 1842இல் நூலாக வெளியிட்டார். பின்னாளில் பசிபிக் தீவுகளில் ஆழத் துளையிட்டுப் பார்த்தபோது, முருகைக் கல்லுக்குக் கீழே எரிமலைப் பாறை இருக்கக் கண்டார்கள்.

இலங்கையைச் சுற்றி இத்தகைய வளையம் எதுவும் இல்லை. எமக்கு வாய்த்தவை கரையோரத்தை அணைத்துக் கிடக்கும் முருகைப் பாறைகள். வாழைச்சேனைக்கு அப்பால் பாசிக்குடாவில் இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடந்து போகலாம் என்பதை மட்டக்களப்புச் சிறுவர் எவரும் அறிவர். அங்கே முகக்கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு முகத்தை நீரில் அமிழ்த்தினாலே போதும், மாணவர் படத்திற் கண்டதில் ஒரு பங்கைக் காணலாம். முன்னர் இன்னும் அதிகம் காணலாமாயிருந்தது. சுண்ணாம்புச் சூளைக்காக முருகைக் கல்லை உடைத்தெடுத்த வழக்கம் இந்நாட்டுக் கரையோரமெங்கும் இருந்தது. எத்தனை வீட்டுச் சுவர்களுக்கு அது வெள்ளை பூசியிருக்கும்! 1998இல் வேறொரு துன்பம் வந்தது. இந்து சமுத்திரம் வழமையிலும் ஓரிரு பாகை அதிகமாய்ச் சூடேறி வாரக்கணக்கில் அவ்வாறே நின்றது. முருகைப் பூச்சியின் உடலுக்குள் நுண்ணிய பாசி வாழ்கிறது. பூச்சிக்கு நிறத்தையும் உணவிற் பெரும்பங்கையும் தருவது அப்பாசியே. சூடு தாளாத பூச்சி பாசியை வெளியேற்றிவிட்டு எலும்பு போல் வெளுத்தது. வெளுத்தவற்றிற் பெரும்பகுதி மீளவில்லை. பாசிக்குடாவும் அதற்குத் தப்பவில்லை. 2016இலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1998இல் கரையில் நாம் யுத்தத்தில் உழன்றுகொண்டிருந்தமையால், நீருக்கடியில் நேர்ந்த அழிவைப் பற்றி அழுவதற்கு அப்போது எமக்கு அவகாசம் இருக்கவில்லை.

மாணவர் கேட்ட முதற் கேள்விக்கு முழு விடை பாசிக்குடாவில் இல்லை. அது பாலமீன்மடு வெளிச்சவீட்டிலிருந்து கிழக்கே ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் தொலைவில், ஐம்பத்துமூன்று மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. அதன் பெயர் ஹேர்மிஸ்.

எமது தாயார் அப்போது சிறுமி. சித்திரைப் புத்தாண்டுக்கு நாலைந்து நாள் இருக்கையில், பலகாரத்துக்கு அரிசி இடித்துக்கொண்டிருந்த முற்பகலிலே கடற் பக்கமாய் இடி முழங்கியது என்றும், அண்ணாந்து பார்த்தால் வானத்தில் ஒரு முகில்தானும் இல்லை என்றும் சொல்வார். அது 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆந் திகதி. நான்கு நாளின் முன்னர், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பைத் தாக்கிய யப்பானியக் கப்பற்படை அன்று திருகோணமலைமேல் பாய்ந்தது. தாக்குதல் வருமென்று முன்னறிந்து, முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே விலகி வந்த கப்பல்களுள் ஒன்று ஹேர்மிஸ். விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கப்பெற்ற கப்பல்களுள் உலகிலேயே முதலாவது அது. 1919இல் நீரில் இறக்கப்பட்டது. அறுநூறு அடி நீளம். ஆனால், அன்று அதன் தளத்தில் ஒரு விமானமேனும் இல்லை! திருகோணமலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது மட்டக்களப்புக்கு நேரே யப்பானிய வேவு விமானமொன்று கண்டுவிட்டது. பத்தரை மணியளவில் குண்டுவீச்சு விமானங்கள் அலையலையாய் வந்தன. அரை மணிநேரம் செல்லுமுன் கப்பல் கவிழ்ந்து மூழ்கியது. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டனர். அவ்வழியே வந்த வீட்டா என்னும் வைத்தியக் கப்பல் அறுநூறு பேர்வரையில் நீரிலிருந்து மீட்டது. நீந்தியே எமது கரையை வந்தடைந்தோரும் உளர். உடன் வந்த வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும், ஹொலிஹொக் என்ற சிறு போர்க்கப்பலும், பிரிட்டிஷ் சார்ஜன்ற் முதலிய எண்ணெய்க் கப்பல்களும் அதே நாளில் மூழ்கின. இவற்றுள் பிரிட்டிஷ் சார்ஜன்ற் வடக்கே கல்குடாப் பக்கத்தில் இருபத்தைந்து மீற்றரளவு ஆழத்தில் கிடப்பதால், பழகிய சுழியோடிகள் பலர் சென்று பார்க்கிறார்கள். ஹேர்மிஸ் அவ்வளவு இலேசானதன்று.

கடலுக்கு இரும்பென்றும் கல்லென்றும் பேதமில்லை. ஒட்டிக்கொள்ள ஒரு பிடி கிடைத்தாற் போதும். எண்பது ஆண்டுகளுக்கு மேலாய்க் கிடக்கும் அந்த இரும்பின்மேல் கடல்விசிறிகளும் மென்முருகைகளும் கருமுருகையும் படர்ந்துள்ளன. அவ்வாழத்தில் ஒளி மிகக் குறைவு. ஆகையால் பாறை கட்டும் முருகை அங்கே செழிப்பதில்லை. ஒளியை நம்பாது, ஓடும் நீரிலிருந்து இரையை அள்ளி உண்ணும் இனங்களே அங்கே குடியிருக்கின்றன. ஆளுயரக் களவாய் மீன்கள் பீரங்கிகளின் நிழலில் ஒதுங்கி நிற்கும். சீலா மீன் கூட்டம் மேலே வட்டமிடும். ஆனால், நிறம் ஒன்றும் தெரியாது. சூரிய ஒளியின் சிவப்பைக் கடல்நீர் முதற் சில மீற்றருக்குள்ளேயே விழுங்கிவிடுகிறது. அடுத்துச் செம்மஞ்சள், அதன்பின் மஞ்சள். ஐம்பது மீற்றரில் எல்லாமே நீலச் சாம்பல். கையில் கீறல் பட்டு இரத்தம் கசிந்தால் அது பச்சையாய்த் தோன்றும் என்கிறார்கள். மின்சூளைப் பொருத்திய மாத்திரத்தில், அது படும் இடம் மட்டும் கோயிற் சப்பரம் போல் சிவப்பும் மஞ்சளுமாய் எழுந்து நிற்கும்.

இவற்றையெல்லாம் நாம் கண்ணாற் கண்டோமா என்று கேட்டால், இல்லை. சென்ற ஏப்ரில் மாத இறுதியில், கடல் கண்ணாடி போற் கிடந்த ஒரு காலையில், ஹேர்மிஸைப் பார்க்கப் புறப்பட்ட நண்பர் இருவரோடு இயந்திரப் படகில் நாமும் சென்றோம். அவர்கள் இறங்கினார்கள், நாம் படகிலேயே இருந்தோம். எமது வயதுக்கும் பயிற்சிக்கும் அதுவே தகும். ஆயினும், அவ்வொரு மணிநேரத்திற் படகில் இருந்து கற்றது, கீழே இறங்கியிருந்தாற் கற்றிருக்கக்கூடியதிலும் குறைந்ததன்று என்றே எண்ணுகிறோம்.

மாணவர் 'ஒட்சிசன் சிலிண்டர்' என்று எழுதியிருக்கிறார். ஊரில் எல்லோரும் அவ்வாறே சொல்கிறார்கள், அது பிழை. சாதாரணமாய் அதற்குள் இருப்பது நானும் நீங்களும் இப்போது சுவாசிக்கும் இதே காற்றுத்தான், அமுக்கி அடைத்தது. பிரெஞ்சுக் கடற்படையைச் சேர்ந்த கூஸ்தோவும் கஞ்ஞான் என்ற பொறியியலாளரும் 1943இல் செய்த அற்புதம் சிலிண்டர் அன்று, வாயிற் கவ்வும் வால்வு. சுழியோடி எந்த ஆழத்தில் இருக்கிறாரோ அந்த ஆழத்து நீரின் அமுக்கம் எவ்வளவோ, அதே அமுக்கத்தில், அவர் மூச்சு இழுக்கும் போது மாத்திரம் அது காற்றைத் தரும். அவ்வாறு தராவிட்டால் நெஞ்சை நெருக்கும் நீரை எதிர்த்து மூச்சிழுக்க எவராலும் இயலாது.

இங்கேதான் கணக்கு ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். ஹேர்மிஸ் கிடக்கும் ஆழத்தில் மேலேயுள்ளதைப் போல் ஆறேகால் மடங்கு. ஒரு மூச்சுக்கு ஆறேகால் மூச்சுக் காற்றுச் செலவாகும். கரையில் இரண்டு மணிநேரம் போதுமான சிலிண்டர் அங்கே இருபது நிமிடத்துக்கும் போதாது. செலவு அதிகம் என்பதோடு விடயம் முடியவில்லை. காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைதரசன். கரையில் அது உடலுக்கு நன்மையுமில்லை, தீமையுமில்லை. சும்மா போய்வரும் விருந்தாளி. ஆழத்தில் அவ்விருந்தாளி திண்ணையோடு நில்லாது வீட்டுக்குள் புகுந்து இரத்தத்திலும் கொழுப்பிலும் மூட்டுக்களிலும் கரைந்து அமர்ந்துவிடுகிறது. முப்பது மீற்றரைத் தாண்டினால் மூளையையும் மயக்கும். கள்ளுக் குடித்தவன் போல் சுழியோடி காரணமின்றிச் சிரிப்பதும், மானியைப் பார்க்க மறப்பதும் உண்டு. ஆதலால் பொழுதுபோக்குக்காக இறங்குவோர்க்கு நாற்பது மீற்றரே எல்லை என்று விதித்திருக்கிறார்கள். அதற்கப்பாற் செல்ல வேறு பயிற்சி வேண்டும். எமது நண்பர்கள் காற்றோடு ஹீலியம் கலந்த சிலிண்டர்களைக் கொண்டு சென்றார்கள்.

இறங்குவது இலகு. ஏறுவதுதான் கணக்கு. சோடாப் போத்தலை மூடியிருக்கும் வரை உள்ளே ஒரு குமிழியும் தெரிவதில்லை. மூடியை மெல்லத் திறந்தால் 'சுர்' என்று காற்று மட்டும் போகும். சடாரென்று திறந்தால் நுரைத்துப் பொங்கி வழியும். மனித உடலும் அத்தகையதே. ஆழத்திலிருந்து விரைந்து மேலே வந்தால், கரைந்திருந்த நைதரசன் குமிழிகளாகி மூட்டுக்களில் நின்றால் வலி, முள்ளந்தண்டிற் சிக்கினால் வாதம், மூளையிற் சிக்கினால் மரணமும் நேரலாம்.

இந்நோய் கடலில் மாத்திரமன்று, பாலம் கட்டிய இடங்களிலும் வந்தது. நதிக்கு அடியில் அமுக்கக் காற்று நிரப்பிய பெட்டிக்குள் நின்று அத்திவாரம் தோண்டிய கூலியாட்கள், மாலையில் மேலே வந்ததும் இடுப்பொடிந்து விழுந்தார்கள். நியூயோர்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய வாஷிங்டன் றோப்ளிங் என்ற பொறியியலாளரே 1872இல் இதனால் நலமிழந்தார். எஞ்சிய வேலையை அவர் வீட்டிலிருந்து சொல்லச் சொல்ல அவர் மனைவியார் எமிலி முன்னின்று நடத்தி 1883இல் பாலத்தைத் திறக்கச் செய்தார். எங்கள் கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்த அம்மையாரின் நினைவு வருவதுண்டு. பின்னர் ஹால்டேன் என்ற விஞ்ஞானி வெள்ளாடுகளை இரும்பு அறைக்குள் விட்டு அமுக்கத்தைக் கூட்டியும் குறைத்தும் சோதித்தார். ஆடு முன்னங்காலைத் தூக்கி நொண்டினால் வலிக்கிறது என்று பொருள். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தவர் எந்தெந்தப் படியில் எத்தனை நிமிடம் தரித்து மேலே வரவேண்டும் என்று 1908இல் அவர் வகுத்த அட்டவணையே, பலவாறு திருத்தப்பெற்று, இன்று சுழியோடியின் கைக்கடிகாரத்துக்குள் கணக்குப் பொறியாய் இருக்கிறது.

மன்னாரில் முத்துக் குளித்த எம்முன்னோர்க்கு இந்நோய் பெரும்பாலும் வரவில்லை. அவர்கள் காலிற் கல்லைக் கட்டிக்கொண்டு, இழுத்த ஒரே மூச்சோடு இறங்கி, அதே மூச்சோடு ஏறினார்கள். ஒரு மூச்சில் உள்ள நைதரசன் எவ்வளவு! கயிற்றின் மேல்முனையை மனைவியின் உடன்பிறந்தான் கையிலேயே கொடுப்பார்கள் என்றொரு பேச்சு உண்டு. தங்கை தாலியிழக்க அவன் விடமாட்டான் அல்லவா? இக்காலச் சுழியோடிகள் இருவர் இருவராகவே இறங்குகிறார்கள். ஒருவர் காற்று முடிந்தால் மற்றவர் காற்றைப் பகிர்வர். மைத்துனன் இப்போது நீருக்குள்ளேயே உடன் வருகிறான் என்று கொள்ளலாம்.

படகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மிதவையினின்றும் கப்பல்வரை ஒரு கயிறு இறங்கியிருந்தது. அதனருகே குமிழிகள் பொங்கின. இருபது நிமிடமாயிற்று, அரை மணியாயிற்று. முக்கால் மணியும் ஆயிற்று. ஆள் வரக் காணோம். எமக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

"இன்னும் வரல்லியே தம்பி?" என்றோம் படகோட்டியிடம்.

"வருவாங்க ஐயா. இப்ப கயித்தப் பிடிச்சிக்கிட்டு நிக்காங்க. உடம்புக்குள்ள ஏறின காத்துப் போகோணும். அடியில நிண்டது இருபது நிமிசம், ஏறுறத்துக்கு நாப்பது. இதான் கணக்கு." சற்று நேரம் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தவர், "என்ர தம்பிக்கு இத ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல்ல" என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். தம்பி வடக்கே கடலட்டை பிடிக்கப் போனவர். இருபத்துநான்கு வயது. கடலட்டை வெளிநாட்டிற் பெரு விலை போகும் பண்டம். ஆழம் குறைந்த இடங்களில் அள்ளி முடிந்ததால் ஆழத்துக்கு இறங்கத் தொடங்கினார்கள். ஒரு நாளில் நாலு சிலிண்டர், ஐந்து சிலிண்டர். ஒவ்வொரு முறையும் ஏறியது மட்டும் அவர் கணக்கு. முதல் இறக்கத்தின் நைதரசன் உடலை விட்டு நீங்குமுன் அடுத்த இறக்கத்தின் நைதரசன் வந்து சேர்கிறது என்பதை அவர் அறியவில்லை. கைக்கடிகாரமும் இல்லை, அட்டவணையும் இல்லை. ஒரு நாள் மாலை தோள்மூட்டு வலித்தது. வாதம் என்றார்கள், எண்ணெய் காய்ச்சித் தேய்த்தார்கள். இரவில் கால் மரத்தது. கடற்பேய் அடித்ததென்று மந்திரித்து நூலும் கட்டினார்கள். மூன்றாம் நாள் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இப்போது இரண்டு கோல்களை ஊன்றி வாசல்வரை வருவாராம். அவருக்கு ஒரு மகன் உண்டு, பதினாறு வயது, நல்ல நீச்சற்காரன்.

இதைக் கேட்டபின்னரே மாணவரின் தாயார் அடிக்க வந்ததன் பொருள் எமக்கு முழுமையாய் விளங்கிற்று. ஆனால், மாணவரைத் தடுக்கவும் நாம் விரும்பவில்லை. ஆதர் சி. கிளார்க் என்ற எழுத்தாளர் 1956இல் இந்நாட்டுக்கு வந்து தங்கியதே முருகைப் பாறைகளுக்காகத்தான். அண்டவெளியைப் பற்றி எழுதிய அவருக்கு, நிறை தெரியாது மிதக்கும் அவ்வனுபவத்தைப் பூமியில் தந்தது எமது கடலே. அவரது நண்பர் மைக் வில்சன் திருகோணமலையில் சுவாமி மலையின் அடியில் சுழியோடியபோது, போர்த்துக்கீசர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் செதுக்கிய தூண்கள் கடலடியிற் கிடக்கக் கண்டார். கரையில் நின்று கையெடுத்துக் கும்பிட்டவர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாய்க் காணாதது, முகக்கண்ணாடி அணிந்த ஒருவர் கண்ணிற் பட்டது. அத்தகைய கண் எம் பிள்ளைகளுக்கும் வாய்க்கவேண்டாமா?

ஆகவே தம்பி, முதலில் நன்றாக நீந்தப் பழகுக. அடுத்து, முகக்கண்ணாடியோடு பாசிக்குடாவின் ஆழமற்ற நீரில் மிதந்து பழகுக. முருகையின் மேல் கால் வைத்து நில்லற்க, அது கல்லன்று, உயிர். சிலிண்டரைத் தொடுவதாயின் அத்தாட்சி பெற்ற பயிற்றுநரிடம் தொடுக. அவர் சொல்லித் தரும் முதற் பாடம் மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பதாயிருக்கும். பத்து மீற்றரில் நுரையீரல் நிறையக் காற்றெடுத்து மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் அக்காற்று இருமடங்காய் விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். சாதாரண இறக்கத்திலும் நிமிடத்துக்கு ஒன்பது மீற்றருக்கு மேல் ஏறாமல், ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் தரித்து வருதல் மரபு. வாடைக் காற்றுக் காலத்தில் எங்கள் கடல் எவரையும் ஏற்காது; வாவியின் வெள்ளம் முகத்துவாரத்தை உடைத்துப் பாய்ந்து கடலே கலங்கிக் கிடக்கும். ஏப்ரில் தொடங்கிச் செப்டெம்பர்வரை நல்ல காலம்.

ஒரு மணிநேரம் கழிந்தபின் நண்பர்கள் மேலே வந்தார்கள். நடுக்கத்தோடு தேநீர் அருந்திய இருவரும் வெகுநேரம் பேசவில்லை. என்ன கண்டீர்கள் என்று கேட்டோம். பீரங்கிக் குழலொன்றில் சிறிய மீன் ஒன்று குடியிருந்து, அருகே சென்றபோதெல்லாம் வெளியே வந்து விரட்டியதாம். "ஒன்றையும் தொடவில்லை" என்று மூத்தவர் சொன்னார். முந்நூற்றேழு பேருள் எத்தனை பேர் இன்னும் அந்த இரும்புக்குள் இருக்கிறார்களோ, அவர்கள் வீட்டுக்குள் போய்வந்த உணர்ச்சி அவர் முகத்தில் இருந்தது.

வெளிச்சவீடு கண்ணுக்குத் தெரிந்தபோது, படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். "ஐயா பேப்பருக்கு எழுதுற ஆள்தானே. அந்த வருத்தத்துக்கு என்ன செய்யோணும் எண்டு ஒரு துண்டில எழுதித் தாங்க. தம்பிர மகன் இப்ப சிலிண்டர் எண்டு கேட்டுக்கிட்டுத் திரியிறான்" என்றார்.

பையிலிருந்த மாணவரின் கடிதத்துக்கு உறை ஒன்று இருந்தது. நண்பர்கள் சொல்லச் சொல்ல அதன் பின்புறத்திற் பென்சிலால் எழுதினோம். சிலிண்டரோடு இறங்கி வந்தவனுக்கு அன்றைக்கோ மறுநாளோ மூட்டு வலித்தால், கால் மரத்தால், தலை சுற்றினால், அது வாதமன்று. எண்ணெய் தேய்க்கவேண்டாம். சுகப்படும் என்று மறுபடியும் நீருக்குள் இறக்கவேண்டாம். மட்டமாய்ப் படுக்கவைத்து, நீராகாரம் கொடுத்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் ஒட்சிசன் கேட்கவும். சுழியோடியவன் என்பதை வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லவும். அமுக்க அறைச் சிகிச்சைக்குத் திருகோணமலைக் கடற்படையினரை விசாரிக்கவும். காலந் தாழ்த்தினாற் கால் போகும்.

அவர் அதை இரண்டு தடவை வாய்விட்டு வாசித்தார். படகு அனுமதிப்பத்திரம் வைத்திருந்த பொலித்தீன் பைக்குள் மடித்து வைத்து, பையை இறுக முடிந்துவிட்டு, இயந்திரக் கயிற்றை இழுத்தார்.